வரைபடத்தில் நம்ம தோட்டம் எங்கே கிடக்குது?

சான்றிதழ் என்று போனால் பட்டா, சிட்டா, அடங்கல் கேட்பார்கள். அது நமக்குப் பழகிப்போன சங்கதி. இப்போது அதோடு ஒவ்வொரு நிலத்துக்கும் இரண்டு எண்கள் கேட்கிறார்கள். ஒன்று அட்சரேகை, இன்னொன்று தீர்க்கரேகை. பேச்சு வழக்கில் 'லேட்-லாங்' என்கிறோம். செல்போனில் உள்ள ஜிபிஎஸ் இதைச் சட்டென்று கொடுத்துவிடும். ஆனால் முப்பது, நாற்பது விவசாயிகளின் எண்களை ஒரே பட்டியலில் சேர்த்து வரைபட மென்பொருளில் ஏற்றிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். சில தோட்டங்கள் ஊரிலேயே இருக்காது.

கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் குழுவின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில், இந்த எண்களைச் சுத்தம் செய்யும் வேலையைப் படிப்படியாக எழுதுகிறேன். பெரிய கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் வேண்டாம். எக்செல் தெரிந்த பிள்ளை ஒருவர், நிலம் தெரிந்த ஆள் ஒருவர், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நிலம் தெரிந்த ஆள் இல்லாமல் மட்டும் தொடங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

நம்ம மாவட்டத்தில் தோட்டமும் காடும் ஒட்டிக் கிடக்கின்றன. தென்மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். கிழக்கே மேகமலை, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. எண் கொஞ்சம் பிசகினாலும் புள்ளி காட்டுக்குள் போய் விழும். எங்கோ உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தில் சரிபார்க்கிறவருக்கு நம்மையும் தெரியாது, நம்ம வேலியையும் தெரியாது. காட்டுக்குள் ஒரு தோட்டம் என்றுதான் அவருக்குத் தெரியும். அப்புறம் விளக்கக் கடிதம், மறு ஆய்வு என்று மாதக்கணக்கில் இழுக்கும். குழுச் சான்றிதழில் ஒருவர் எண் தப்பானால் மற்றவர்களும் சேர்ந்து காத்திருக்க நேரும்.

போடி மலை, அகமலைப் பக்கம் காபி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான கவலை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டப்படி, அங்கே போகும் காபி எந்த நிலத்தில் விளைந்தது என்று எண்ணோடு காட்ட வேண்டும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலமாக அது இருக்கக் கூடாது. நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப் போயிருக்கிறது. ஆனாலும் வாங்குகிறவர்கள் இப்போதே எண் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் விதி: மூலத்தைத் தொடாதீர்கள்

விவசாயிகள் கொடுத்த பட்டியலை அப்படியே ஒரு கோப்பாக வைத்துவிடுங்கள். அதில் ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது. நகல் எடுத்து நகலில் வேலை செய்யுங்கள். நகலில் 'என்ன மாற்றினோம், ஏன்' என்று ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். விதைநெல்லைத் தனியாக எடுத்து வைக்கிற மாதிரிதான் இது.

எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். கம்பம் ஊர்ப்பகுதியில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம்.

டிகிரி, நிமிடம், விநாடி: 9°44'12", 77°17'06"
டிகிரி, தசம நிமிடம்: 9°44.200', 77°17.100'
தசம டிகிரி: 9.736667, 77.285000

மூன்றும் ஒரே இடம்தான். கையில் பிடிக்கும் ஜிபிஎஸ் கருவிகள் பெரும்பாலும் இரண்டாவது வடிவத்தில் காட்டும். போன் செயலிகள் சில முதல் வடிவத்தில், சில மூன்றாவதில். வரைபட மென்பொருளுக்குச் சிக்கல் இல்லாதது மூன்றாவது. மாற்றும் கணக்கு எளிது: நிமிடத்தை 60-ஆல் வகுக்கணும், விநாடியை 3600-ஆல் வகுக்கணும், இரண்டையும் டிகிரியோடு கூட்டணும். 44-ஐ 60-ஆல் வகுத்தால் 0.733333. 12-ஐ 3600-ஆல் வகுத்தால் 0.003333. 9-ஓடு கூட்டினால் 9.736667.

இங்கேதான் பெரிய தப்பு நடக்கும். நடுவில் உள்ள குறிகளை எடுத்துவிட்டு 9.4412, 77.1706 என்று எழுதிவிடுவார்கள். பார்க்க நல்ல எண் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த இடம் கம்பத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, சபரிமலைக்குக் கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில், பெரியாறு காப்பகக் காட்டுக்குள் கிடக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிமிடமும் விநாடியும் 59-ஐத் தாண்டாது. ஒருவர் கொடுத்த எண்களில் புள்ளிக்குப் பின்னால் முதல் இரண்டு இலக்கமும், அடுத்த இரண்டு இலக்கமும் எல்லாவற்றிலும் 59-க்குள்ளேயே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எது முன்னே, எது பின்னே?

கூகுள் மேப்பில் தேடும்போது அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து. ஆனால் கேஎம்எல், ஜியோஜேசான் கோப்புகளில் தீர்க்கரேகைதான் முதலில். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் சிஎஸ்வி பட்டியலை ஏற்றும்போது எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகையும், ஒய் என்ற இடத்தில் அட்சரேகையும் கொடுக்கணும். மாறிப்போனால் நம்ம திராட்சைத் தோட்டம் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே உறைபனிக் கடலில் மிதக்கும். எண் போடாமல் விட்ட கட்டங்களை மென்பொருள் சுழியம் என்று எடுத்துக்கொண்டால், அவை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடலில் போய்ச் சேரும்.

நமக்கு ஒரு வசதி உண்டு. தேனி மாவட்டத்தில் அட்சரேகை 9 அல்லது 10-இல்தான் தொடங்கும், தீர்க்கரேகை 77-இல்தான் தொடங்கும். குழப்பமே வராது. 77 எந்தப் பத்தியில் இருக்கிறதோ அது தீர்க்கரேகை.

எக்செல் செய்யும் குறும்பு

எண்ணோடு டிகிரிக் குறி, எழுத்து, இடைவெளி ஏதாவது ஒட்டியிருந்தால் எக்செல் அதை எண் என்று எடுக்காது, எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். நம்ம மாவட்டத்தில் இதைச் சோதிப்பது சுலபம். அட்சரேகைப் பத்தியைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். கம்பத்தின் 9.73 மேலேயும், போடியின் 10.01 கீழேயும் வரணும். 10 மேலே வந்து 9 கீழே போனால், அவை இன்னும் எழுத்தாகவே இருக்கின்றன என்று பொருள்.

அடுத்தது, கட்டத்தைப் பிடித்துக் கீழே இழுப்பது. சில சமயம் எக்செல் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போகும். ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 110 கிலோமீட்டர். 9.7366-இல் தொடங்கினால் மூன்றாவது இழுப்பில் 12.7366, தோட்டம் கர்நாடகத்தில் ராமநகரம் பக்கம் போய்விட்டது. தசமம் மாறாமல் டிகிரி மட்டும் ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுதான்.

சுழியம் விட்டுப்போவதும் உண்டு. போடிக்காரர் 10.01 என்று சொன்னதை 10.1 என்று அடித்தால் 10 கிலோமீட்டர் வடக்கே மலைக்குள் போய்விடும்.

எல்லைக்குள் இருக்கிறதா, இரட்டை இருக்கிறதா?

கூடலூரிலிருந்து தேனி வரையிலான பள்ளத்தாக்கு அட்சரேகை 9.6-க்கும் 10.1-க்கும் இடையே, தீர்க்கரேகை 77.2-க்கும் 77.6-க்கும் இடையே அடங்கிவிடும். இதற்கு வெளியே விழும் எண்களை முதலில் பிரித்தெடுங்கள். அப்புறம் ஒரே எண் இரண்டு பேருக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். கூட்டம் நடந்த இடத்தில் உட்கார்ந்தே எல்லோருக்கும் படிவம் நிரப்பினால் இப்படி வரும். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, அஞ்சு பேரும் ஒரே குழியிலயா வாழை நட்டிருக்கோம்?" என்று கேட்டார். அந்த ஐந்து பேரின் நிலத்துக்கும் திரும்பப் போகாமல் வேறு வழி இல்லை.

வாட்ஸ்அப்பில் வந்த படத்திலிருந்து எண் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் இடக்குறிப்பு அழிந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

தசமம் எத்தனை?

புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் என்றால் 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் சுமார் 1 மீட்டர், ஆறு என்றால் 11 சென்டிமீட்டர் அளவுக்கு இடத்தைக் குறிக்கும். ஐரோப்பியச் சட்டம் ஆறு இலக்கம் கேட்கிறது. ஆனால் போன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே 5 மீட்டர் அளவுக்குத்தான் சரியாக இருக்கும். ஏலக்காய்த் தோட்டத்து நிழலில், மலை இடுக்கில் இன்னும் விலகும். 9.73 என்று வந்த எண்ணுக்குப் பின்னால் நான்கு சுழியம் ஒட்டி 9.730000 ஆக்கினால் அது துல்லியம் ஆகாது, பொய் ஆகும்.

நிலத்தில் நின்று எடுக்கும்போது செயலியில் 'அக்யூரசி' என்று மீட்டர் கணக்குக் காட்டும். ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று அது 5-க்குப் பக்கத்தில் இறங்கிய பிறகு குறித்துக்கொள்ளுங்கள். அந்த மீட்டர் கணக்கையும் பட்டியலில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள். சிக்னல் இல்லாத மலையிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

வேலியைச் சுற்றி நடந்த கோடு

4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு, மேல் உள்ள காபி நிலத்துக்கு ஒரு புள்ளி போதாது, சுற்றெல்லை வேண்டும் என்கிறது ஐரோப்பியச் சட்டம். நடந்து எடுத்த கோட்டில் மூன்று பிழைகள் வரும். நடுவில் ஒரு புள்ளி மட்டும் முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; மரத்தடியில் சிக்னல் தடுமாறியது காரணம். மூலைகளை வரிசை மாற்றி எழுதியதால் கோடு தன்னைத்தானே வெட்டி 8 போல ஆகியிருக்கும். கடைசிப் புள்ளி முதல் புள்ளியோடு சேராமல் வாய் திறந்து கிடக்கும். கியூஜிஐஎஸ்ஸில் 'செக் வேலிடிட்டி' என்ற கருவி தன்னைத்தானே வெட்டும் கோட்டைக் காட்டிக்கொடுக்கும். நிழல் அடர்ந்த சிறு நிலத்தில், நடந்துகொண்டே எடுப்பதைவிட மூலைக்கு மூலை நின்று எடுப்பது நல்லது.

பரப்பளவு பார்க்க, படத்தை யூடிஎம் 43 வடக்கு என்ற முறைக்கு மாற்றுங்கள். தேனிக்கு 43, மதுரை நகரத்துக்கு 44. எல்லை 78-வது தீர்க்கரேகை. மதுரை நண்பர் அனுப்பிய அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வரும் பரப்பு சிட்டாவில் உள்ளதோடு கொஞ்சம் மாறினால் பதற வேண்டாம். 1 ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் சுமார் 63.6 மீட்டர். நான்கு பக்கமும் 5 மீட்டர் வெளியே நகர்ந்தால் 134 சென்ட் காட்டும், உள்ளே நகர்ந்தால் 71 சென்ட் காட்டும். ஆகவே பதிவேட்டில் பட்டாப் பரப்பையே எழுதுங்கள். போன் போட்ட கோட்டை வைத்துப் பக்கத்துக்காட்டுக்காரரோடு வரப்புச் சண்டைக்குப் போகாதீர்கள். அதற்குப் புல வரைபடமும் சர்வேயரும் எல்லைக்கல்லும் இருக்கின்றன.

இழுத்து வைக்காதீர்கள்

சுத்தம் செய்கிறபோது ஒரு ஆசை வரும். காட்டுக்குள் விழுந்த புள்ளியை மவுஸால் பிடித்து ஊருக்குள் இழுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதை மட்டும் செய்யாதீர்கள். வடிவம், வரிசை, எக்செல் இழுப்பு இவற்றால் வந்த பிழையை உட்கார்ந்த இடத்தில் திருத்தலாம். காரணம் தெரியும், கணக்கும் உண்டு. காரணம் தெரியாத புள்ளிக்கு நிலத்துக்குத்தான் போக வேண்டும்.

காட்டு எல்லைக்குள் விழுந்ததெல்லாம் பிழையும் இல்லை. 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமை பெற்ற பழங்குடி மக்களின் நிலம் காட்டு எல்லைக்குள்தான் இருக்கும். அதை வெளியே நகர்த்தினால் அவர்களின் உரிமையையே தாளிலிருந்து அழிக்கிறோம். புள்ளியை அங்கேயே விட்டு, உரிமைப் பத்திரத்தின் விவரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்.

வெளியாருக்கு வரைபடம் அனுப்பும் முன் செல்போன் எண், ஆதார் எண் உள்ள பத்திகளை எடுத்துவிடுங்கள். பெயருக்குப் பதில் குழுவின் வரிசை எண் போதும். கடைசியாக, ஒவ்வொருவரின் தோட்டப் படத்தையும் அச்சிட்டு அவரவர் கையில் கொடுங்கள். கிணறு எங்கே, வாய்க்கால் எங்கே என்று அவர் விரல் வைத்துக் காட்டட்டும். சரி என்று அவர் சொன்ன பிறகு கையெழுத்து வாங்கி, அதற்கப்புறம் பட்டியலை அனுப்புங்கள்.