கொரியாவில் இலவச படிப்பு: யானைக்கவுனி பிள்ளைகளும் போகலாம்!

கொரியா சீரியல் பார்த்துட்டு 'அங்கே படிக்கப் போறேன்' என்று யானைக்கவுனி பையன் கேட்டால், 'காசுக்கு எங்கே போறது?' என்பார் அப்பா. தென்கொரிய அரசின் 'குளோபல் கொரியா ஸ்காலர்ஷிப்' கிடைத்தால் விமான டிக்கெட், கல்லூரி கட்டணம், மாதச் செலவு எல்லாம் அந்த அரசே தரும்.

பட்டப்படிப்புக்கு 25 வயதுக்குள் இருக்கணும். 80 சதவீத மார்க் வேண்டும். தூதரகம் அல்லது பல்கலைக்கழகம், ஒரு வழியில்தான் மனு போடலாம். இரண்டிலும் போட்டால் தள்ளுபடிதான். சீட் ரொம்ப குறைவு. 'வாங்கித் தர்றேன்' என்று புரோக்கர் பணம் கேட்டால் நம்பாதீங்க.

கொரிய மொழி தெரியாதவர்களுக்கு முதல் வருஷம் அது மட்டும்தான் பாடம். 'டோபிக்' தேர்வில் 3-ம் நிலை தேறினால்தான் காலேஜ். இதில்தான் பலருக்கு வியர்க்கும். சென்னை இன்கோ சென்டரில் முன்கூட்டியே படிக்கலாம்.

கொரியாவிலும் வாசலில்தான் செருப்பை கழற்றணும். பெரியவங்க சாப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் சின்னவங்க. அப்பாவை அங்கேயும் 'அப்பா' என்றுதான் கூப்பிடுறாங்க!