தக்காளி விதையும் பூண்டுப் பல்லும்

ரயில்வேயில் ஓய்வு பெற்று மூணாறில் குடியேறியபின் வீட்டுத் தோட்டம் போட்டேன். அமோகமாகக் காய்த்த வீரிய ஒட்டுத் தக்காளியின் விதையை எடுத்து வைத்து மறுபடி விதைத்தேன். செடிக்கு ஒரு விதமாய்க் காய்த்தது. காரணம் இதுதான்: விதையில் தாய், தந்தை இருவரின் மரபணுக்களும் கலைந்து சேர்கின்றன. மகளிடம் மறைந்திருந்த குணம் பேத்தியிடம் தலைகாட்டும். பட்டாணியில் அது நாலில் ஒரு பங்கு என்று 1866-இல் மெண்டல் கணக்கிட்டு எழுதினார்.

பக்கத்து வட்டவடையின் பூண்டோ பல் ஊன்றி வளர்வது. ஒரே வார்ப்பில் எடுத்த உதிரிபாகம்போல் தாயின் குணம் மாறாது. புவிசார் குறியீடு பெற்ற காந்தளூர் வட்டவடைப் பூண்டு, விவசாயிகள் இப்படிப் பல் பல்லாகக் காத்து வந்ததே. நடுவதை நிறுத்திவிட்டால், மீண்டும் முளைக்க வைக்க விதை கிடையாது. ஆகவே அன்பர்களே, அங்கிருந்து பூண்டு வந்தால் எல்லாவற்றையும் குழம்பில் போட்டுவிடாதீர்கள். நாலு பல்லை மண்ணுக்கும் கொடுங்கள்.