ஆண்டவன் பெயரால், அல்லது உளமார

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர், நீதிபதி முதலியோர் பதவியேற்கையில் சொல்ல வேண்டிய வாசகங்கள் அச்சிடப்பட்டுள்ளன. ஒவ்வொரு வாசகத்திலும் ஓரிடத்தில் வரி இரண்டாகப் பிரிந்து, கடவுள் பெயரால் ஆணையிடுவதாகச் சொல்லும் தொடரும் உளமார உறுதி கூறுவதாகச் சொல்லும் தொடரும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க, அதன்பின் வரி மீண்டும் ஒன்றாகிச் செல்கிறது. பதவியேற்பு விழாவிலிருந்து கடவுளை அரசு நீக்கவும் இல்லை, எவர் வாயிலும் திணிக்கவும் இல்லை என்பதற்கு அச்சிலேயே கண்ணுக்குத் தெரியும் சான்று இது.

ஆணை என்பது, பொய் சொன்னால் தெய்வம் தண்டிக்கும் என்ற அச்சத்தைச் சாட்சியாக நிறுத்திச் சொல்லும் சொல். ஊர்ப் பஞ்சாயத்தில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வதும் இவ்வகையே. உறுதிமொழி என்பது சொல்பவரின் மனச்சான்றை மட்டும் பிணையாக வைப்பது. சட்டத்தின் பார்வையில் இரண்டுக்கும் எடை ஒன்றே. கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்களில் இந்துக்கள் கங்கை நீரையும் முஸ்லிம்கள் குர்ஆனையும் கொண்டு சத்தியம் செய்த வழக்கத்தை 1840ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் நீக்கி அவ்விடத்தில் உறுதிமொழியை வைத்தது. ஆனால் அந்த உறுதிமொழியும் எல்லாம் வல்ல இறைவனின் முன்னிலையில் சொல்வதாகவே அமைந்திருந்தது.

இறைவனை முற்றிலும் விட்டுவிட்டுப் பொதுப் பதவி ஏற்க முடியுமா என்ற கேள்விக்கு விடை காண்பதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பட்ட பாடு சிறிதன்று. ஆணையிடுவதையே பாவமாகக் கருதிய குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினருக்குச் சில காரியங்களில் உறுதிமொழி கூறும் உரிமை 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிடைத்துவிட்டது. யூதரான லயனல் டி ராத்ஸ்சைல்ட் 1847இல் தேர்ந்தெடுக்கப்பட்டும், ஆணையில் இருந்த கிறித்தவ நம்பிக்கையைக் குறிக்கும் சொற்களைச் சொல்ல மறுத்ததால், 1858 வரை அவையில் அமர இயலவில்லை. நாத்திகரான சார்லஸ் பிராட்லா நார்த்தாம்டன் தொகுதியிலிருந்து 1880இல் தேர்வாகி வந்தபோதோ சிக்கல் வேடிக்கையான உருவம் கொண்டது. உறுதிமொழி கூற அவர் அனுமதி கேட்டார்; அது குறிப்பிட்ட சமயப் பிரிவினருக்கே உரியது என்று மறுத்தனர். அப்படியானால் ஆணையே எடுக்கிறேன் என்றார். கடவுளை நம்பாதவர் ஆணையிடுவது போலி என்று அதையும் மறுத்தனர். அவையை விட்டு வெளியேற மறுத்த குற்றத்துக்காக, பிக் பென் மணி தொங்கும் கோபுரத்திலேயே அவர் ஓர் இரவு அடைக்கப்பட்டார். 1882இல், தம்முடன் கொண்டுவந்த புதிய ஏற்பாட்டைக் கையிலேந்தித் தாமே ஆணையை வாசித்துக் கையெழுத்திட்டபோது அவை அவரை வெளியேற்றியது. வாக்காளர்களோ ஒவ்வோர் இடைத்தேர்தலிலும் அவரையே திருப்பி அனுப்பினர். 1886இல் புதிய சபாநாயகர் எதிர்ப்புகளுக்குச் செவிசாய்க்காமல் அவரை ஆணையெடுக்க விட்டார். நாத்திகர் கடவுள்மீது ஆணையிட்டே உள்ளே நுழைந்தார். பிறகு அவரே முன்னின்று கொண்டுவந்த 1888ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பிய எவரும் உறுதிமொழி கூறலாம் என்றாக்கியது.

இந்தப் போராட்டம் சென்னைக்குத் தொலைவில் நடந்ததாயினும் அயலான செய்தியன்று. சென்னை இலௌகிக சங்கத்தார் 1880களில் நடத்திய 'தத்துவ விவேசினி' இதழ் பிராட்லாவின் கருத்துகளைத் தமிழில் பரப்பியது. அவரும் 1889இல் பம்பாய்க் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்து சென்றார்.

இந்திய அரசியல் நிர்ணய சபையில் முதலில் வைக்கப்பட்ட வரைவில் ஆணை, உறுதிமொழி என்ற இரண்டும் இருந்தனவே தவிரக் கடவுளின் பெயர் இல்லை. 1948 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஆணையை விவாதிக்கையில் திருத்தத்தின் வழியாகத்தான் அது உள்ளே வந்தது. மறு ஆண்டு அக்டோபர் 17 அன்று, முகவுரையும் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டுமென எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுளை வாக்கெடுப்புக்கு உட்படுத்தும் சங்கடத்தில் தங்களைத் தள்ள வேண்டாமென்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டும் அவர் விடவில்லை. 41க்கு 68 என்ற கணக்கில் திருத்தம் தோற்றது. இந்த இரு முடிவுகளும் ஒன்றோடொன்று முரண்படுவனபோல் தோன்றினாலும் அவற்றின் தர்க்கம் ஒன்றே: ஆணை தனி மனிதர் வாயிலிருந்து வருவது, அங்கே தெரிவுக்கு இடமுண்டு, முகவுரை மக்கள் அனைவரின் பெயராலும் பேசுவது, அங்கே ஒருவர் விலகி நிற்க வழியில்லை.

தமிழ்நாட்டில் அந்தத் தெரிவு கட்சி அடையாளமாகவே மாறிவிட்டது. 1967இல் அண்ணாதுரை தலைமையிலான அமைச்சரவை உளமார உறுதி கூறிப் பொறுப்பேற்றது முதல், 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதலமைச்சரானது வரை, 'உளமார' என்ற சொல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் மரபாகத் தொடர்கிறது. தனிப்பட்ட மனச்சான்றுக்காகத் திறந்துவைத்த வாசலில் ஒரு கட்சியே அணிவகுத்துச் செல்வதைச் சட்டம் வகுத்தோர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அட்டவணையிலுள்ள இரண்டையும் விட்டு மூன்றாவது ஒன்றைச் சொன்னால் என்னாகும் என்பதற்குக் கேரளம் விடை தந்தது. 2001இல் தேர்வான சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் ஆணையிட, அது அரசமைப்பு வகுத்த வடிவில் இல்லை என்று உயர் நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றமும் 2012இல் அதை ஏற்றது. குருவைத் தெய்வமாகவே வணங்குவோர் அம்மாநிலத்தில் ஏராளம் என்பதை எண்ணினால் வழக்கின் நெருடல் புரியும். மக்களவையிலோ ஆணையை ஒழுங்காகச் சொல்லி முடித்து, அதன் வாலில் தெய்வப் பெயரையும் கட்சி முழக்கத்தையும் சேர்க்கும் பழக்கம் பெருகியதால், படிவத்தில் உள்ளதற்கு முன்னும் பின்னும் எதையும் சேர்க்கக் கூடாதென 2024இல் விதி திருத்தப்பட்டது.