கப்பலுக்குக் கண் எதற்கு?

நம் மாதுங்காவாசிகள் பூணூல் மாற்றிக்கொள்ளும் ஆவணிப் பௌர்ணமியன்றே மும்பைக் கோலி மக்கள் கடலுக்குத் தேங்காய் விடுகின்றனர். நாரளி பூர்ணிமா என்று அதற்குப் பெயர். ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அது ஆகஸ்டு முதல் தேதியே நீங்கினாலும், இப்பூசைக்குப் பிறகே கடலேறுவது பழைய வழக்கம். கரையில் கிடந்த படகுகள் புதுவர்ணம் பூசி, குங்குமமும் மாலையும் கொடியும் ஏந்தி நிற்கும் காட்சி காணத் தக்கது.

சென்ற ஆண்டு, நம்முடன் பணிபுரியும் கோலி நண்பர் ஒருவர் நம்மை வர்ளிக் கரைக்கு அழைத்துச் சென்றார். அவருடைய தமையனாரின் படகு முகப்பில் அம்பிகையின் பெயரைத் தீட்டிக்கொண்டிருந்தனர். "பெயரெழுதினால் புயல் நின்றுவிடுமா?" என்று வேடிக்கையாகக் கேட்டுவிட்டோம். நண்பர் சிரிக்கவில்லை. "நிற்காது, பாவ். ஆனால் எழுதாமல் படகு போனால் என் அண்ணி உறங்கமாட்டாள்" என்றார்.

நமக்கு வெட்கமாய்ப் போயிற்று. ஆயுத பூசையன்று எஞ்சினுக்குச் சந்தனமிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் கூட்டத்தில் நாமும் சேர்ந்தவரே. ரயிலுக்காவது தண்டவாளம் உண்டு, கடலில் ஏது?

படகு உயிருள்ளது என்னும் எண்ணம் மிகப் பழையது. உயிருள்ளதற்குக் கண் வேண்டுமே! நம் மராட்டிய மாநிலத்து அஜந்தாவில், இரண்டாம் குகையில் தீட்டிய மூன்று பாய்மரக் கப்பலின் முகப்பில் கண் எழுதியிருக்கிறது. பண்டைக் கிரேக்கரும் கப்பலுக்குக் கண் வரைந்தனர். மால்ட்டாத் தீவின் மீன்படகுகளில் அது இன்றும் உண்டு. சென்னை மாகாண மீன்துறை இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், பாக்கு நீரிணைப் பக்கத்துத் தோணிகளின் முகப்பில் கண்கள் பொறித்திருந்ததைக் குறித்துள்ளார். வழி பார்க்க அக்கண் என்பர் சிலர். திருஷ்டி போக்க என்பர் சிலர்.

ஐரோப்பிய மாலுமிகளோ கப்பலில் சீழ்க்கையடிக்க அஞ்சினர், புயலை அழைத்ததாகுமாம். வெள்ளிக்கிழமை பயணம் தொடங்கவும் தயங்கினர். நம்மவருக்கு வெள்ளி மங்கல நாள்!

நாகூர் ஆண்டவர் கண்ணாடியை எறிந்து கப்பலின் ஓட்டையை அடைத்தார் என்பது கர்ணபரம்பரை. புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகளின் நேர்த்திக்கடனை வேளாங்கண்ணியில் இன்றும் சொல்கின்றனர். குமரிக் கரைப் படகுகளில் மாதாவின் பெயரும் சிலுவையும் இல்லாதவை அரிது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, குமரியிலும் கேரளத்திலும் பலர் திரும்பவில்லை. அலைக்கழிந்த படகுகள் பல, இங்கே சிந்துதுர்க் மாவட்டத்துத் தேவ்கட் துறையில் வந்து ஒதுங்கின. சிலுவை காக்கவில்லையே என்று பேசுவது எளிது. அம்மீனவர்கள் முறையிட்டதோ, வானிலை எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்தோருக்கு உரிய காலத்தில் எட்டவில்லை என்பதே. முகப்பில் குறி தீட்டியவர் எவரும் எச்சரிக்கை வேண்டாமென்று சொன்னதில்லை.

நண்பரின் தமையனார் மறுவாரம் கடலுக்குச் சென்றார். அலுவலகத்தில் பேரேட்டைத் திறக்குமுன், படகு கரை சேர்ந்ததா என்று நாள்தோறும் விசாரித்தோம். ஐந்தாம் நாள், "சேர்ந்தது" என்றார்.