பின்னால் அமர்பவரையும் கேட்டு வண்டி வாங்குவோம்



பருப்பு மூட்டை இறக்கும் முன் மாதிரி பார்க்கிறோம். கையில் அள்ளி, ஊதி, பல்லில் கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். மோட்டார் சைக்கிள் வாங்கும்போது மட்டும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். பின்னால் உட்காரப் போகிறவரை யாரும் கேட்பதில்லை.

நாமும் அந்தத் தவறைச் செய்தவர்தாம். மைலேஜ் ஒன்றையே பார்த்து வண்டி வாங்கினோம். மூட்டை கட்ட இடைஞ்சல் என்று பின்சக்கரத்தை மறைக்கும் சேலைக் கம்பியையும் கழற்றிப் போட்டோம். ஒருநாள் இரவு கடையடைத்துத் திரும்பும்போது நம் வீட்டம்மாளின் முந்தானை சக்கரத்தில் சிக்கிவிட்டது. மெதுவாக வந்ததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அதன் பிறகுதான், "இரண்டு வருஷமாக இடுப்பு வலி, சொன்னால் வீண் செலவு என்பீர்களே என்று இருந்துவிட்டேன்" என்றார். லாபக் கணக்குப் பார்த்த நமக்கு அந்த நஷ்டம் தெரியவில்லை.

அந்தக் கம்பி அலங்காரம் அல்ல. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க மிதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது. கழற்றுவது நம் குடும்பத்துக்கு நாமே வைக்கும் வினை.

இனி கடைக்குப் போனால் கவனிக்க வேண்டியவை:

இருக்கை நீளமாக, ஒரே மட்டமாக இருக்கட்டும். பின்பாதி உயரமாகவும் குறுகலாகவும் இருந்தால், பிரேக் போடும்போதெல்லாம் பின்னால் இருப்பவர் முன்னே சரிவார்.

ஒருபக்கமாக உட்காரும் பெண்களுக்கு, இடப்பக்கம் இரு பாதமும் பதியும் அகலமான மிதி தேவை. கால் தொங்கினால் பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கும்.

செயின் முழுவதும் மூடியிருப்பது நல்லது.

ஏறி இறங்க ஸ்கூட்டர் சுலபம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றது. ஆனால் சக்கரம் சிறியது. பள்ளத்தில் அதிகம் குலுக்கும். குண்டும் குழியுமான பாதை என்றால் பெரிய சக்கரமுள்ள மோட்டார் சைக்கிளே மேல்.

வாங்கிய பின்னும் இரண்டு வேலை உண்டு. ஒருவர் செல்லும்போது ஒரு காற்றளவு, இருவர் செல்லும்போது பின்சக்கரத்துக்குக் கூடுதல் அளவு என்று வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கும். அதன்படி காற்றடிக்க வேண்டும். பல வண்டிகளில் பின்பக்க ஷாக் அப்சார்பரைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கலாம். மெக்கானிக்கிடம் சொன்னால் பாரத்துக்கு ஏற்பத் திருப்பி வைப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கப் போகும்போது வீட்டம்மாளையும் அழைத்துச் செல்லுங்கள். வழக்கமாக உடுத்தும் சேலையோடு ஏறி உட்காரட்டும். மேடு பள்ளமுள்ள தெருவில் ஒரு சுற்று போய் வாருங்கள். "சரி" என்று அவர் சொன்ன பிறகு முன்பணம் கொடுங்கள். சரக்குக்கு மாதிரி பார்க்கும் நாம், நம்மை நம்பிப் பின்னால் உட்காருபவருக்காக அரைமணி நேரம் செலவிடக் கூடாதா?