பழைய ரப்லெட்டை மாற்றுவதா, மடிக்கணினி வாங்குவதா?

2020 ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டபோது நம்மில் பலர் அவசரம் அவசரமாக ஒரு ரப்லெட் வாங்கினோம். பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது. வார இறுதித் தமிழ் வகுப்பும் சூமுக்கு மாறிவிட்டது. ஊரில் இருக்கும் அம்மம்மாவைக் கொஞ்சம் பெரிய திரையில் பார்த்துக் கதைக்கலாம் என்ற ஆசையும் இருந்தது. அப்போது வாங்கிய கருவிக்கு இப்போது ஐந்து வயது கடந்துவிட்டது. காலையில் நூறு வீதம் காட்டும் பற்றரி மத்தியானத்துக்குள் இருபதுக்கு இறங்குகிறது. ஒரு செயலியைத் தொட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரலாம்.

"இதை விட்டுட்டு ஒரு லப்ரொப் வாங்குவம்" என்கிறது பிள்ளை. "ஓடுதுதானே, ஏன் வீண் செலவு?" என்கிறார் அப்பா. பல வீடுகளில் இந்தக் கதை நடக்கிறது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். வாடகை, கடன், ஊருக்கு அனுப்பும் பணம் என்று கணக்குப் பார்த்து வாழும் குடும்பத்துக்கு மடிக்கணினி சின்னச் செலவு அல்ல. ஆகவே கடைக்குப் போக முன்னர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண்போம். பழைய கருவிக்கு உண்மையில் என்ன வருத்தம்? அதைக்கொண்டு நாம் செய்ய விரும்பும் வேலை எது?

முதலில் வருத்தத்தைக் கண்டுபிடிப்போம்

ரப்லெட் மெதுவாவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, சேமிப்பிடம் நிரம்பியிருப்பது. 32 ஜிபி கருவியில் வட்ஸ்அப் குழுக்களில் வந்த வீடியோக்களே பாதி இடத்தைப் பிடித்திருக்கும். அமைப்புகளுக்குள் சென்று எது எவ்வளவு இடம் எடுக்கிறது என்று பாருங்கள். தேவையற்றதை நீக்கினாலே பல கருவிகளுக்கு மீண்டும் மூச்சு வரும். இதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது, பற்றரி. லித்தியம் பற்றரி ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் சிறிது தேய்கிறது. ஐபாட் பற்றரி ஆயிரம் முழுச் சுற்றுகளுக்குப் பின்னரும் 80 வீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று அப்பிள் சொல்கிறது. நாளுக்கு ஒரு முழுச் சுற்று என்றால் அது மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. மற்றதெல்லாம் நன்றாக இருந்து பற்றரி மட்டும் தேய்ந்திருந்தால், அதை மாற்றுவது புதியது வாங்குவதைவிட மலிவாக முடியும். ஆனால் திரை ஒரு பக்கம் மேலெழும்பினாலோ பின்பக்கம் வீங்கினாலோ அந்தக் கருவியை மீண்டும் சார்ஜில் போடாதீர்கள். வீங்கிய பற்றரி தீப்பற்றக் கூடியது. திருத்துபவரிடமோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது காரணத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அதுதான் மென்பொருளின் வயது. 2014 இல் வந்த ஐபாட் எயார் 2 பதினைந்தாம் பதிப்போடு நின்றுவிட்டது. 2018 இல் வந்த ஆறாம் தலைமுறை ஐபாட் பதினேழாம் பதிப்போடு நின்றது. அதன்பின் அவசரப் பாதுகாப்புத் திருத்தங்கள் இடையிடையே வரலாம், புதிய பதிப்பு வராது. மலிவு விலை அன்ட்ரொயிட் ரப்லெட்டுகளில் பலவற்றுக்கு இந்த ஆயுள் இன்னும் குறைவு. செயலிகளும் பழைய பதிப்புகளைக் கைவிட்டுக்கொண்டே போகின்றன. 2025 மே மாதத்தில் வட்ஸ்அப் 15.1 பதிப்புக்கு முந்திய ஐஓஎஸ் கருவிகளைக் கைவிட்டது. அதே மாதம் 5 ஆம் திகதி ஸ்கைப் முற்றாக மூடப்பட்டது. ஸ்கைப்பில் மட்டும் அழைத்துப் பழகிய முதியவர்களுக்கு ஒரு கதவு சாத்தப்பட்டது போலத்தான் அது.

கருவி இன்னும் ஓடுவதால் அது பாதுகாப்பானது என்று ஆகாது. திருத்தங்கள் நின்றுபோன கருவியில் அம்மம்மாவோடு கதைக்கலாம், பாட்டுக் கேட்கலாம். வங்கிக் கணக்கையும் குடிவரவுத் திணைக்களக் கடவுச்சொல்லையும் அதில் வைத்திருக்கக் கூடாது.

வேலை மாறிவிட்டதா?

ரப்லெட் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் கதைப்பதற்கும் நல்ல கருவி. நூலகம் எண்ணிம நூலகத்தில் உள்ள பழைய ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் கட்டிலில் சாய்ந்தபடி வாசிக்க அதைவிட வசதியானது வேறில்லை. எழுத்துகளை இரண்டு விரலால் பெரிதாக்கலாம் என்பதால் கண்பார்வை குறைந்தவர்களுக்கும் அது உதவி.

எழுதுவது, ஒப்பிடுவது, தொகுப்பது என்று வரும்போதுதான் அது இடறுகிறது. பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றை எழுதும் மாணவி ஒரு பக்கம் மூலத்தையும் மறு பக்கம் தன் எழுத்தையும் திறந்து வைத்திருக்க வேண்டும். அகதி விண்ணப்பத்துக்கோ குடியுரிமைக்கோ ஆவணம் சேர்க்கும் குடும்பம் இருபது முப்பது தாள்களை ஸ்கான் செய்து, பெயரிட்டு, ஒழுங்குபடுத்தி, ஒரே பிடிஎஃப் கோப்பாக்க வேண்டும். சிறு கடை நடத்துபவருக்கு வருமான வரிக் கணக்கு இருக்கிறது. ரப்லெட்டிலும் இவற்றைச் செய்ய முடியும். ஆனால் அரை மணி நேர வேலை ஒரு மாலையைத் தின்றுவிடும்.

நம் வீடுகளில் இந்த வேலை பெரும்பாலும் பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது. மொழி தெரிந்தவர்கள் அவர்கள். பதினான்கு வயதுப் பிள்ளை பெற்றோரின் கடிதங்களை மொழிபெயர்த்து, படிவங்களை நிரப்பி, அதன்பிறகு தன் வீட்டுப் பாடத்துக்கு வருகிறது. அதே ரப்லெட்டுக்காகத் தம்பி பக்கத்தில் காத்திருப்பான். மடிக்கணினி தேவையா என்று பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இடைவழி ஒன்றும் உண்டு. பழைய ரப்லெட் இன்னும் திருத்தங்கள் பெறுகிறது, வேகமும் போதும் என்றால் புளூடூத் விசைப்பலகை ஒன்றை மட்டும் வாங்கிப் பாருங்கள். கடிதமும் சிறு கட்டுரையும் எழுத அது போதும். ஆனால் புதிய ரப்லெட்டும் அதற்கேற்ற விசைப்பலகையும் சேர்த்து வாங்கப் போனால் மொத்த விலை ஒரு நல்ல மடிக்கணினிக்கு அருகில் வந்துவிடும். கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பாடசாலையிடம் கேட்கவும் மறக்க வேண்டாம். நோர்வே போன்ற நாடுகளில் பல பாடசாலைகள் தாமே கருவி கொடுக்கின்றன. வேறு இடங்களில் குறிப்பிட்ட மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பார்கள். கேட்காமல் வாங்கினால் இரண்டு முறை செலவு செய்ய நேரிடும்.

தமிழ் எழுதுபவர்களுக்கு

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் நம் சங்கங்களிலும் வீடுகளிலும் இன்னும் ஏராளம். ஊர்ச் சங்க மலர், கோயில் வரவு செலவு, காலமான பெரியப்பா எழுதிய குடும்ப வரலாறு என்று அவை பல வகை. பாமினி தமிழ் எழுத்து வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்த முறை. அந்த எழுத்துரு இல்லாத ரப்லெட்டில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து யாராவது அழித்தும் விடலாம். மடிக்கணினியில் எழுத்துருவை நிறுவினால் அப்படியே வாசிக்கலாம். மாற்றி ஒன்றின் மூலம் ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிட்டால் இனி எந்தக் கருவியிலும் திறக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே இந்த வேலையை முடிப்பது நல்லது. புரியாத சொல்லையும் ஊர்ப் பெயரையும் கேட்டுச் சரிபார்க்க அவர்கள்தான் வேண்டும்.

புதிதாக எழுதுவதற்கு எந்தக் கருவியிலும் தடையில்லை. விண்டோஸ், அப்பிள் இரண்டிலும் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. ஐபாட்டில் 2013 இல் வந்த ஏழாம் பதிப்பு முதல் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டும் உண்டு.

வாங்குவதென்றால் எதைப் பார்ப்பது?

எழுத்து வேலைக்கும் படிப்புக்கும் விலையுயர்ந்த கணினி தேவையில்லை. 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகமும் போதுமானவை. பல ஆண்டு வைத்திருக்க நினைப்பவர்கள் 16 ஜிபி நினைவகம் எடுக்கலாம். நிறுவனங்கள் சில ஆண்டுகள் பாவித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த திங்பாட், லற்றிரியூட், எலைட்புக் போன்ற மடிக்கணினிகள் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. உறுதியானவை, விசைப்பலகையும் நல்லது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற முடியாத கணினிகள் மிக மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்று பாருங்கள். ஐ5-8250 என்பது போன்ற எண்ணில் கோடுக்குப் பின்வரும் முதல் இலக்கமான எட்டு, அதன் தலைமுறை. 7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை. அதை விட்டுவிடலாம்.

குரோம்புக் வாங்குபவர்கள் திருத்தங்கள் முடியும் திகதியைத் தேடிப் பார்க்க வேண்டும். 2021 முதல் வெளிவந்த வகைகளுக்குப் பத்து ஆண்டுகள் திருத்தம் கிடைக்கும். ஆனால் அந்தப் பத்து ஆண்டு, வகை வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

விசைப்பலகையின் அமைப்பும் முக்கியம். பிரான்சில் ஒரு விதம், ஜேர்மனியில் வேறு விதம், பிரித்தானியாவில் இன்னொரு விதம். பாரிசிலிருந்து சித்தப்பா மலிவாக வாங்கி அனுப்பும் கணினியில் லண்டன் பிள்ளை எழுத்தைத் தேடித் தேடித் தட்ட வேண்டியிருக்கும்.

சட்ட உரிமையையும் தெரிந்து வைத்திருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பொருளுக்குக் கடைக்காரர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பொறுப்பு. பாவித்த பொருளுக்கு அதை ஓராண்டாகக் குறைக்கச் சில நாடுகள் அனுமதிக்கின்றன. தெரிந்தவரிடம் கைமாறாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இல்லை, நமக்கு ரப்லெட்டே போதும் என்று முடிவெடுப்பவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி. 2025 ஜூன் 20 முதல் ஒன்றியத்தில் விற்பனைக்கு விடப்படும் புதிய ரப்லெட்டுகளுக்கு, அந்த வகையின் விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும் ஐந்து ஆண்டுகள் மென்பொருள் திருத்தம் கொடுக்க வேண்டும். திருத்துவது எவ்வளவு இலகு என்ற தரக்குறியும் பெட்டியோடு வரும்.

அழிப்பதற்கு முன்

எந்த முடிவு எடுத்தாலும் பழைய ரப்லெட்டுக்குள் இருப்பதை முதலில் வெளியே எடுங்கள். இடம்பெயர்ந்தபோது நம்மில் எத்தனையோ பேர் கலியாண அல்பத்தையும் பிறப்புச் சான்றிதழையும் விட்டுவிட்டு ஓடி வந்தோம். இன்று அப்பப்பாவின் குரல் ஒரு வட்ஸ்அப் குரல் பதிவாக அந்த ரப்லெட்டில் இருக்கலாம். அவர் காலமாகியிருந்தால் வேறெங்கும் அது கிடைக்காது.

கணினித் துறையில் ஓர் எளிய விதி சொல்வார்கள். மூன்று பிரதிகள், இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒன்று மடிக்கணினியில், ஒன்று வெளிவன்தட்டில், மூன்றாவது இன்னொரு நாட்டில் இருக்கும் அக்காவின் வீட்டில். நம் குடும்பங்கள் பல நாடுகளில் சிதறிக் கிடப்பது இந்த ஒரு விடயத்திலாவது உதவட்டும்.

எல்லாவற்றையும் பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பார்த்த பிறகே கருவியை வெறுமையாக்குங்கள். ஊருக்கு அனுப்புவதானால் அப்பிள் அல்லது கூகுள் கணக்கிலிருந்து முறையாக வெளியேற வேண்டும். வெளியேறாமல் அனுப்பினால் கருவி உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டியபடியே நிற்கும். விமானத்தில் கொண்டு போகும்போது மடிக்கணினியையும் ரப்லெட்டையும் கைப்பையில் வையுங்கள். பவர்பாங்க், தனிப் பற்றரி ஆகியவற்றைப் பெரிய பெட்டியில் போட அனுமதியே இல்லை.

எங்கள் கணிப்பில், படிக்கும் பிள்ளையோ எழுத்து வேலையோ உள்ள வீட்டுக்குப் புதுப்பிக்கப்பட்ட நடுத்தர மடிக்கணினி ஒன்று பொருத்தமானது. பார்க்கவும் கதைக்கவும் மட்டும் கருவி தேவைப்படும் வீட்டில் மடிக்கணினிக்குச் செலவு செய்ய அவசியமில்லை. சேமிப்பிடத்தைத் துப்புரவாக்கி, தேவையானால் பற்றரியை மாற்றினால் போதும். மடிக்கணினி வாங்கினாலும் ரப்லெட்டை உடனே எறிய வேண்டாம். பற்றரி வீங்காமல் இருந்தால் வங்கிச் செயலிகளையும் மின்னஞ்சலையும் நீக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, முகப்பில் வட்ஸ்அப்பை மட்டும் வைத்து வீட்டில் இருக்கும் பெரியவரிடம் கொடுங்கள். பிள்ளைகள் படிக்கும் நேரத்திலும் அவர் தங்கச்சியோடு ஆறுதலாகக் கதைக்கலாம்.