கிட்டாரின் கழுத்துக்கு விண்கலத்தின் இழை

தொலைக்காட்சி மன்றத்தில் இம்முறை எடுத்துக்கொண்ட பொருள், இசைக்கருவிகளும் நம் ஊர்ப் பருவநிலையும். ஒளிபரப்பில் நேரம் போதவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு தாயார் எழுந்து, "தம்பி, பையனுக்கு எண்ணூறு வெள்ளி கொடுத்து பேஸ் கிட்டார் வாங்கினோம். ஒரே வருஷத்துல கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சிடுச்சு. மரம்னா அப்படித்தான்னு சொல்றாங்க. மரம் இல்லாத கழுத்தே கிடையாதா?" என்று கேட்டார். "இருக்கிறதம்மா, கரிம இழைக் கழுத்து" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த ஒரு வரியை விரித்துச் சொல்லத்தான் இன்று இந்தப் பக்கம்.

பேஸ் கிட்டார் நமக்கு அந்நியமான கருவி அல்ல. இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பாட்டின் அடியில் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும் அந்தக் கனத்த ஒலி நன்றாகத் தெரியும். பெயர்தான் பலருக்குத் தெரிவதில்லை. சாதாரண பேஸ் கிட்டாருக்கு நான்கே கம்பிகள். மிகத் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மெல்லியது 98 முறை. இவ்வளவு தாழ்ந்த ஒலி வர வேண்டுமானால் கம்பி நீளமாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலான பேஸ்களில் அதன் நீளம் 34 அங்குலம். நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சுமார் 75 கிலோ. அதாவது நன்கு வளர்ந்த ஓர் ஆள் அந்தக் கழுத்தின் நுனியைப் பிடித்து இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் தூங்கும்போதும் அவர் விடுவதில்லை.

இழுவை மட்டும் என்றால் மரம் தாங்கிக்கொள்ளும். தாங்க முடியாதது நம் காற்று. சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்குகிறது. விடாமல் மழை பெய்தால் 100 விழுக்காட்டைத் தொடுவதும் உண்டு. மரமோ காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டும் கக்கிக்கொண்டும் இருக்கிற பொருள். 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள அறையில் வைத்த மரம் தன் எடையில் 9 விழுக்காடு அளவுக்குத் தண்ணீர் வைத்திருக்கும். 85 விழுக்காட்டில் அது ஏறக்குறைய 18 ஆகிவிடும். இரண்டு மடங்கு! வறண்ட தொழிற்சாலையில் செய்த கிட்டார் நம் வீவக வீட்டுக்கு வந்ததும் குடிக்க ஆரம்பிக்கிறது. இரவில் குளிரூட்டியைப் போட்டால் கக்குகிறது. காலையில் சன்னலைத் திறந்தால் மறுபடியும் குடிக்கிறது. கழுத்தின் அடிப்பாகம் மேப்பிள் மரம், மேலே ஒட்டிய விரற்பலகை ரோஸ்வுட் என்றால் இரண்டும் ஒரே அளவில் வீங்குவதில்லை. ஒட்டிப் பிறந்த இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும்? வளைவுதான்.

எங்கள் படப்பிடிப்புக் கூடத்திலும் இதைப் பார்க்கிறேன். வெளியே வியர்க்க வியர்க்கக் கருவியைச் சுமந்து வருகிற கலைஞர், உள்ளே குளிரில் அரை மணி நேரம் சுருதி சேர்த்துக்கொண்டே இருப்பார். தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். கருவி யாரையும் பார்ப்பதில்லை.

இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு. கழுத்துக்குள் எஃகுக் கம்பி ஒன்றைப் புதைத்து, நுனியில் உள்ள மரையைத் திருகி வளைவை நிமிர்த்துவது. 'டிரஸ் ராட்' என்பார்கள். அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1920களிலேயே கொண்டுவந்த ஏற்பாடு; இன்றும் அநேகமாக எல்லா கிட்டார்களிலும் இருக்கிறது. ஆனால் வில்லாக வளைந்ததை அது நிமிர்த்துமே தவிர, கயிறு போல முறுக்கிக்கொண்ட கழுத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது கரிம இழைக்கு வருவோம். ஜெஃப் கோல்ட் என்பவர் 1970களில் கலிஃபோர்னியாவில் விண்வெளித் தொழில் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர், பேஸ் வாசிப்பவரும்கூட. செயற்கைக்கோள்களுக்குக் கரிம இழையும் எபாக்ஸி பிசினும் கலந்த பொருளைப் பயன்படுத்துவது அங்கே அன்றாட வேலை. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் தலையில் இருக்கும் 3.7 மீட்டர் கிண்ண ஆன்டெனாகூட அதே பொருளால் ஆனதுதான். எடையில்லாமல், வெயிலிலும் குளிரிலும் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது அங்கே தேவை. ஒரு கிட்டார் கழுத்துக்கு வேண்டியதும் அதுவேதானே என்று கோல்டுக்குத் தோன்றியது. அலெம்பிக் என்ற கிட்டார் நிறுவனத்துடன் சேர்ந்து அவர் செய்த கழுத்து 1977இல் வணிகக் கண்காட்சிக்கு வந்தது. ஃபிளீட்வுட் மாக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் மெக்வீ அதை வாங்கினார். 1979இல் கோல்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. மாடுலஸ் கிராஃபைட் என்ற அவரது நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் நெட் ஸ்டைன்பெர்கர் என்ற வடிவமைப்பாளர், கழுத்து மட்டும் என்ன, முழு பேஸையுமே இந்தப் பொருளில் செய்து, தலையையும் வெட்டிவிட்டார். சுருதி சேர்க்கும் முறுக்காணிகள் உடலின் அடிப்பக்கத்துக்குப் போயின. அந்தத் தலையில்லாத பேஸை 80களின் இசைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள்.

'கிராஃபைட்' என்றதும் பென்சில் முனை நினைவுக்கு வரும். அது ஒரு விற்பனைப் பெயர் என்றே சொல்லலாம். உண்மையில் இது தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள கரிம இழை. அந்த இழைகளை ஒரே திசையில் அடுக்கி எபாக்ஸியில் தோய்த்து இறுக்கினால், நீளவாட்டில் மேப்பிளைப்போலப் பத்து மடங்கு விறைப்பு கிடைக்கும். எடையோ மேப்பிளைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். அப்படியானால் கனக்குமே என்கிறீர்களா? அதனால்தான் கழுத்தைத் திண்டாகச் செய்யாமல், மூங்கில் போல உள்ளே வெற்றிடம் விட்டு ஓடாகச் செய்கிறார்கள்.

செய்யும் விதம் தோசை வார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் சிக்கல் என்று சொன்னால் கைவினைஞர்கள் அடிக்க வருவார்கள். முதலில் கழுத்தின் பின்புற வடிவத்துக்கு ஓர் அச்சு. ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் மெழுகு பூசுவார்கள். பிசின் ஏற்கெனவே ஊறிய இழைத் துணிகளைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து, வெட்டி, அச்சுக்குள் ஒவ்வோர் அடுக்காகப் படுக்க வைப்பார்கள். இங்கேதான் வடிவமைப்பவரின் மூளை இருக்கிறது. நீளவாட்டில் போடும் இழை வளைவைத் தடுக்கும். முறுக்கத்தைத் தடுக்க வேண்டுமானால் சில அடுக்குகளை 45 பாகைச் சாய்வில், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். எல்லாவற்றையும் நீளவாட்டில் போட்டால் கழுத்து நிமிர்ந்து நிற்கும், ஆனால் முறுக்கிக்கொள்ளும். பிறகு உள்ளே ஒரு பலூன் பையை வைத்து ஊதியோ, வெளியே காற்றை உறிஞ்சியோ அடுக்குகளை அச்சோடு அழுத்தி, சூட்டடுப்பில் சுமார் 120 பாகை செல்சியசில் பல மணி நேரம் வேக வைப்பார்கள். இடையில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் அந்த இடம் பலவீனம். வெளியே எடுத்துப் பிசிறு நீக்கி, மேலே விரற்பலகையை ஒட்டி, ஃபிரெட்களைப் பதிக்க வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கரித்தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. வீட்டுக்குப் பின்னால் முயற்சி செய்து பார்க்கலாம் என்று எண்ணும் இளையர்கள், முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

விறைப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. மரக்கழுத்துப் பேஸ் வாசிப்பவர்களைக் கேளுங்கள். மெல்லிய கம்பியில் ஐந்தாம், ஏழாம் ஃபிரெட் பக்கம் ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும் என்பார்கள். கம்பி அதிரும் வேகமும் கழுத்து தானாக அதிரும் வேகமும் ஒத்துப்போனால், கம்பியின் சக்தியைக் கழுத்து உறிஞ்சிவிடுகிறது. ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஃபிளைஷர் இதை அளந்தே காட்டியிருக்கிறார். விறைப்பான கழுத்தின் இயல்பு அதிர்வு உயர்ந்து வேறிடத்துக்குப் போய்விடுவதால் அந்தச் செத்த சுரம் பெரும்பாலும் உயிர்பெறுகிறது.

குறையில்லையா? உண்டு. ஆரம்ப காலக் கரிமக் கழுத்துகளில் டிரஸ் ராட் கிடையாது. வளையாத பொருளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். ஆனால் வாசிப்பவருக்குக் கழுத்தில் மிகச் சிறிய குழிவு வேண்டும். அது ஆளுக்கு ஆள், கம்பிக்குக் கம்பி மாறும். அச்சில் வந்ததுதான் கதி என்றால் எப்படி? பின்னாளில் அவர்களே டிரஸ் ராட் வைக்கத் தொடங்கினார்கள். ஒலி கூர்மையாக, பியானோ கம்பி போலக் கேட்கிறது என்று சிலர் விரும்புகிறார்கள். மரத்தின் வெப்பம் இல்லை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். விலையும் ஆயிரக்கணக்கான வெள்ளி. அந்தத் தாயாருக்கு நான் சொல்லக்கூடிய நடுவழி இது: மரக்கழுத்துக்குள் டிரஸ் ராடின் இரு பக்கமும் இரண்டு கரிமக் கம்பிகளைப் புதைத்த கிட்டார்கள் இப்போது கிடைக்கின்றன. கடையில் அதைக் கேட்டு வாங்கலாம். ஏற்கெனவே வாங்கியதற்கு, புகைப்படக் கருவிகளை வைக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டி போலப் பெரிய அளவில் கிட்டாருக்கும் உண்டு. 50 விழுக்காட்டில் வைத்தால் போதும். வளைந்த கழுத்தைத் தூக்கி எறியுமுன் மரையைத் திருகத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

கிட்டாரை விடுங்கள், நம் வீணைக்கு வருகிறேன். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இல் தொடங்கியது. அங்கும் தேக்கா வட்டாரத்திலும் வீணை கற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தத் தொல்லை கிட்டார்க்காரர்களைவிடப் பெரிது. பலா மரத்தில் செய்யும் தஞ்சாவூர் வீணையின் தண்டி, உள்ளே குடைந்தது. அதன் மேல் கரித்தூள் கலந்த மெழுகில் 24 மெட்டுகள் பதித்திருக்கும். மரம் ஒரு மயிரிழை இறங்கினாலும் மெட்டு இறங்கும், சுரம் பிசகும். கமகத்துக்குக் கம்பியை இழுக்கும் வாத்தியம் வேறு. மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேடிச் சென்னைக்கோ தஞ்சாவூருக்கோ வீணையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

தண்டிக்குக் கரிம இழை வைக்கலாமா என்று கேட்டால் மன்றத்தில் பாதிப்பேர் முகம் சுளித்தார்கள். தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள்; கைவினைஞர்களின் பிழைப்பு அதில் இருக்கிறது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கோயில் வாசலில் தவிலைப் பாருங்கள்: தோல்வாரின் இடத்தில் இரும்பு வளையமும் திருகாணியும் வந்து எத்தனை காலமாயிற்று! பெங்களூரின் டாக்டர் கே. வரதரங்கன் கண்ணாடி இழைக் கட்டையும் செயற்கைத் தட்டும் கொண்ட மிருதங்கத்தையே செய்துவிட்டார். குடமும் யாளியும் பலாவிலேயே இருக்கட்டும். கோல்ட் தன் கழுத்தை உள்ளே வெற்றிடமாகச் செய்தார். நம் தண்டி முன்பே வெற்றிடமாகத்தான் இருக்கிறது. அந்தக் குடைவுக்குள் விரல் அகலக் கரிமப் பட்டை இரண்டை ஒட்டி மேல்பலகையை மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. அதைச் செய்ய வேண்டியவரும் வீணை செய்யும் ஆசாரிதான், தொழிற்சாலை அல்ல. எந்த அகலம், எந்த இடம், குடத்தின் நாதம் எவ்வளவு மாறும் என்பதை ஒரு வீணையில் செய்து கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். அதற்கு ஒரு பழைய வீணையைத் தர முன்வரும் வாசகர்கள் இருந்தால் மன்றத்துக்கு எழுதுங்கள்.